ஆறு பல்லும் இருபத்தொரு பல்லும்

டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டுக்கு எத்தனை பல் என்பது உலக அமைதிக்கு அடுத்தபடியான கேள்வி. முன்பு கம்பனிக்கு ஒரு தண்டு. ஒருவருடைய டிராக்டரில் மற்றவருடைய கருவி பூட்டாது. பெரியவர்கள் கூடி, ஆறு பல், நிமிடத்துக்கு ஐந்நூற்று நாற்பது சுற்று என்று தீர்த்தார்கள். தீர்த்துவிட்டால் தர நிர்ணய அலுவலகத்தை மூட வேண்டிவருமே! மறுபடி கூடி, இருபத்தொரு பல், ஆயிரம் சுற்று என்பதையும் அங்கீகரித்தார்கள்.

1986இல் இந்தச் சரித்திரம் பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில், குலசேகரத்தின் கடைப் பின்முற்றத்தில் வந்து நின்றது. மிளகாய் அரைக்க அவர் புறநகரான கூசேன்வில்லில் வாங்கிய பழைய டிராக்டருக்கு ஆறு பல். வேறிடத்தில் வாங்கிய ஆலைக்கு இருபத்தொன்று. இரண்டையும் பூட்ட ஓர் இணைப்புக் குழல் கடைந்து வைத்திருந்தார். அனுமதிதான் பாக்கி.

“இஞ்சாருங்கோ, மிளகாய் வறுத்தாச்சு. நாளைக்கு நமத்துப்போகும்” என்றார் மனைவி கோசலை.

தர நிர்ணய அதிகாரி ழான்-லூக் வந்து பார்த்தார்.

“டிராக்டர் தரமானது. ஆலையும் தரமானது.”

“அப்போ பூட்டலாமா, மிசியே?”

“கூடாது. எங்கள் தரங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்று இந்தக் குழல் ஒப்புக்கொள்கிறது. அலுவலகம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.”

“நன்றாகச் சுற்றுகிறதே!”

“சுற்றுவது சான்றாகாது. சிறிய ஆலைக்கு விலக்கு உண்டு. மணிக்கு எவ்வளவு அரைக்கும்?”

“நாற்பது சுண்டு. ஒரு சுண்டு என்றால் ஒரு பால்பேணி, பால் டின் அளவு.”

“எந்தப் பால்பேணி?”

குலசேகரம் சிரித்துவிட்டார். “தெரு முழுக்க ஒரே சுண்டுதான்!”

“எழுத்தில் கொடுங்கள்.”

உடனே ஏழு கடைக்காரர்கள் ஏழு பேணியோடு கூடினார்கள். எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை.

“அண்ணை, உங்கடை பேணி பூனைக்குப் பால் வைக்கிறதோ?” என்றார் குலசேகரம்.

“உன்ரை பேணியிலை பூனையே குளிக்கும்!” என்றார் எதிர்க்கடை அரியரத்தினம்.

அரை மணியில் பெருஞ்சுண்டு வர்த்தகர் சங்கமும் சிறுசுண்டு வர்த்தகர் சங்கமும் உதயமாயின. இரு தரப்பு மனுக்களையும் பெற்ற ழான்-லூக் அகமகிழ்ந்தார்.

“இரண்டும் தரமானவை. இரண்டுக்கும் நடு அளவில் ஒரு பேணி வைத்தால் என்ன?”

“என்ரை சுண்டு பிழையெண்டு ஒப்புக்கொள்ளமாட்டன்!” என்று தமிழிலேயே கத்தினார் பெருஞ்சுண்டுத் தலைவர் குலசேகரம்.

அப்போது பின்முற்றம் உறுமியது. சட்டத்துக்குப் புறம்பான குழலைப் பூட்டிக் கோசலை அரைக்கத் தொடங்கியிருந்தார். சங்கங்கள் பேதமின்றித் தும்மின.

தூளுக்கு வரிசை நின்றது. முதலில் சிறுசுண்டுத் தலைவர் அரியரத்தினம், அடுத்து ழான்-லூக். எல்லோர் கையிலும் பெருஞ்சுண்டு.

கோசலை அளந்ததோ, சிறுசுண்டால்.