பம்பளிமாஸ் மாப்பிள்ளை

பெண் கேட்கப் போகிறவர்கள் பழத்தட்டோடு போவது வழக்கம். தட்டில் வாழைப்பழம் இருக்கும், ஆப்பிள் இருக்கும், கொஞ்சம் வசதியான வீடு என்றால் கறுப்புத் திராட்சையும் இருக்கும். இதில் எந்தப் பழமும் பெண்ணின் அப்பாவைக் கீழே சாய்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்தப் பெருமை நான் கொடுத்த பழத்துக்கு மட்டுமே உண்டு. (பழத்தின் மேல் தப்பில்லை. கொடுத்த மகராசன் மேல்தான்.)

தொண்ணூறுகளின் பிற்பாதி. நாடு கதவைத் திறந்துவிட்டதாகப் பேப்பரில் எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சித்தூர்ப் பக்கம் அந்தக் கதவு வழியாக வந்து சேர்ந்தவர்கள் இரண்டே கூட்டம்தான். ஒன்று, குவைத்துக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்டுகள். மற்றொன்று, புதுப்புது மருந்துக் கம்பெனிகள். குவைத்துக்குப் போக எனக்குத் தைரியம் இல்லை. எனவே விலங்கியல் பட்டத்தைக் காட்டி மருந்துக் கம்பெனியில் ரெப் ஆனேன். திருப்பதியில் ஜாகை, சித்தூர், பங்காருபாளையம், காணிப்பாக்கம் எல்லாம் என் ராஜ்ஜியம். மே மாத வெயிலில் கழுத்தில் டையைக் கட்டிக்கொண்டு காணிப்பாக்கம் பஸ்ஸில் ஏறுவேன். பக்தர்கள் என்னைச் செக்கிங் இன்ஸ்பெக்டர் என்று நினைத்து டிக்கெட்டை நீட்டுவார்கள். நானும் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அந்த வயதில் மரியாதை எந்த ரூபத்தில் வந்தாலும் விடமாட்டேன்.

நான் விற்க வேண்டியது ஒரு ரத்தக்கொதிப்பு மாத்திரை. ஃபெலோடிபின் என்று பெயர். ‘கால்சியம் சேனல் பிளாக்கர்’ என்கிற வகை. ரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் தசை இறுகுவதற்குக் கால்சியம் உள்ளே போகவேண்டும். இந்த மாத்திரை அது நுழைகிற வாசலைச் சாத்திவிடும். குழாய் தளரும், அழுத்தம் இறங்கும். நெஞ்சுவலிக்கும் கொடுக்கலாம். உடைக்காமல், மெல்லாமல் முழுசாக விழுங்கவேண்டும். சிலருக்கு முகம் சிவக்கும், தலை வலிக்கும், கணுக்கால் வீங்கும். இத்தனையையும் ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் ஒப்பிக்கச் சென்னையில் பயிற்சி கொடுத்தார்கள். கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: கிரேப்ஃப்ரூட் சாற்றோடு இதைச் சாப்பிடக் கூடாது.

“சார், அது இன்னா பழம்?” என்று மேனேஜரைக் கேட்டேன்.

“அமெரிக்காக்காரன் காலையில பாதியா வெட்டி ஸ்பூன்ல சாப்பிடறது. உன் சித்தூர்ல ஏதுப்பா அது? அந்த வரியைத் தாண்டிடு. டாக்டருங்க டைமை வேஸ்ட் பண்ணாத.”

தாண்டினேன். வாழ்க்கையில் மேலதிகாரி சொன்னதை நான் உடனே கேட்டது அந்த ஒரு முறைதான்.

இப்போது மெர்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். சித்தூரில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நிற்பாள். (நான் கடைசி வரிசை. வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருந்தார்கள்.) வேலூரில் நர்ஸ். வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவாள். எங்களுக்குள் எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. அவளுடைய நைனா (அப்பாதான்) சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அவரோ ஹைஸ்கூலில் டிரில் மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆன ஞானமணி சார். முப்பது வருஷம் பையன்களை வெயிலில் நிற்க வைத்தவர். போதாததற்குக் குவைத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை கிறிஸ்மஸ் லீவில் வருவதாக இருந்தது. அவன் வந்து இறங்குவதற்குள் நான் அவர் மனதில் இடம் பிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் மெர்சி குவைத்துக்கு, நான் காணிப்பாக்கம் பஸ்ஸுக்கு.

கர்த்தர் வழி காட்டினார் என்றே நினைத்தேன். ஞானமணி சாருக்குப் பிரஷர் என்று தெரியவந்தது. நான் வாராவாரம் போய் நிற்கும் டாக்டரிடம்தான் அவரும் காட்டினார். டாக்டரும் என் மாத்திரையையே எழுதிக் கொடுத்திருந்தார். அன்று சாயங்காலமே பையோடு அவர் வீட்டுக்குப் போய்விட்டேன்.

“அங்கிள், நீங்க துன்றது எங்க மாத்திரை. இது எப்படி வேலை செய்யுதுன்னா...” என்று ஆரம்பித்துப் படம் போட்டு விளக்கினேன். கால்சியத்தை வில்லனாக்கி, மாத்திரையைக் கதாநாயகனாக்கி, வாசலைச் சாத்துகிற இடத்தில் கையால் டமால் என்று சத்தம்கூடக் கொடுத்தேன்.

ஞானமணி சார் கண்ணை இடுக்கினார். “கால்சியம் பால்லதானே இருக்குது?”

“ஆமா அங்கிள்.”

“அப்போ இத்தினி நாளா காலையில ரெண்டு டம்ளர் பால் காபி குடிச்சிக்கினு நானே பிரஷரை ஏத்திக்கினு இருந்துக்கிறேன்!”

அப்படி இல்லை, பாலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் முதல் தடவையாக என்னை மெச்சுகிற பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

“காலையில காபிக்குப் பதில் இன்னா துன்றது?” என்றார்.

“பழம் அங்கிள், பழம்! இயற்கை!” என்றேன். என் வாயில் அடுப்புக் கரியைத்தான் போடவேண்டும்.

அந்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை. விளைந்ததில் முதலாவதைச் சபையார் ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். பூசணிக்காய், சேவல், நெல் மூட்டை, வீட்டில் சுட்ட கேக் எல்லாம் வரும். யார் எதை எடுக்கிறார்கள் என்பதை ஊரே பார்த்து வைத்துக்கொள்ளும். பங்காருபாளையத்து மாந்தோப்புக்காரர் ஒருவர், கிணற்றோரம் காய்த்தது என்று ஒரு கூடை பம்பளிமாஸ் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றும் குழந்தைத் தலை பருமன்.

“நைனாவுக்கு பம்பளிமாஸ்னா உசுரு” என்று மெர்சி என் காதோரம் சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான், கையைத் தூக்கினேன். எதிர்ப்பக்கம் குவைத் மாப்பிள்ளையின் சித்தப்பாவும் கையைத் தூக்கினார். அவர் தூக்க நான் தூக்க, சபையே வேடிக்கை பார்க்க, கடைசியில் சித்தப்பாதான் கையை இறக்கினார். கூடையைத் தூக்கிக்கொண்டு போய் எல்லார் முன்னாலும் ஞானமணி சார் காலடியில் வைத்தேன். ஏழு பழம், நாளைக்கு ஒன்று.

“பையன் பரவால்ல” என்றார் அவர். அன்று ராத்திரி நான் சோறு துன்னவில்லை. சந்தோஷத்தில் வயிறு நிறைந்திருந்தது.

மெர்சி வேலூர் போய்விட்டாள். ஞானமணி சார் டிரில் மாஸ்டர் ஆயிற்றே, ஒரு நாள் தவறாமல் ஒரு மாத்திரை, ஒரு பம்பளிமாஸ். புதன்கிழமை முகம் தக்காளியாகச் சிவந்ததாம். (‘ரத்தம் ஊறுது’ என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்.) வெள்ளிக்கிழமை செருப்பு காலில் ஏறவில்லையாம். (‘செருப்பு சுருங்கிடுச்சு.’)

அடுத்த திங்கட்கிழமை, என் வேலையைச் சோதிக்க மேனேஜர் வந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு முதலில் அதே டாக்டரிடம் போனேன். டாக்டர் தெலுங்குக்காரர், தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார். நான் படத்தை விரித்து, “இருபத்து நாலு மணி நேரமும் சீராக...” என்று ஆரம்பித்தபோது கதவு திறந்தது.

ஞானமணி சாரை ஒரு பக்கம் ஆட்டோக்காரரும் இன்னொரு பக்கம் மெர்சியும் தாங்கிக்கொண்டு வந்தார்கள். அந்த வாரக் கடைசியில் டியூட்டி இருந்ததால் முந்தின ராத்திரிதான் மெர்சி ஊருக்கு வந்திருந்தாள். காலையில் நைனா தோட்டத்தில் தனக்குத்தானே சத்தம் போட்டுப் பயிற்சி செய்திருக்கிறார். ‘அட்டென்ஷன்’ நன்றாகவே வந்திருக்கிறது. ‘அபௌட் டர்ன்’ சொல்லித் திரும்பியவர் நிற்காமல் திரும்பிக்கொண்டே போய்ப் பப்பாளி மரத்தைக் கட்டிக்கொண்டு சரிந்துவிட்டார்.

டாக்டர் அவரைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தினார், பிரஷர் பார்த்தார். பார்த்ததும் இன்னொரு தடவை பார்த்தார். காதல், கல்யாணம் எல்லாம் மறந்துபோய், இந்த மனிதர் கண்ணைத் திறந்தால் போதும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். சலைன் ஏறியது. சற்று நேரத்தில் அவர் கண் திறந்தார்.

“ஏமய்யா, மாத்திரை எத்தனை துன்னாவு?”

“ஒண்ணுதான் டாக்டர்.”

“கூட ஏமி துன்னாவு?”

“காபி விட்டுட்டேன். பம்பளிமாஸ்தான். தினம் ஒண்ணு.”

“பம்பர பனசா!” பம்பளிமாஸின் தெலுங்குப் பெயரைச் சொல்லிக்கொண்டே டாக்டர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். “அது கிரேப்ஃப்ரூட்டுக்கு சொந்தக்காரன் அய்யா! நம்ம குடல்ல ஒரு செக்போஸ்ட் இருக்குது. இந்த மாத்திரைல முக்கால்வாசியை அங்கயே பிடிச்சி வெச்சிடும். அந்தக் கணக்கு பார்த்துதான் மாத்திரை பண்றாங்க. இந்தப் பழம் போயி செக்போஸ்ட்காரனை தூங்க வெச்சிடுச்சி. லோடு மொத்தமும் உள்ள பூந்திடுச்சி. எவன் குடுத்தான் இதை?”

மேனேஜர் என் முழங்கையை நசுக்கினார். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். ஆனால் கிரேப்ஃப்ரூட் என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்குள் சென்னைப் பயிற்சி விழித்துக்கொண்டது. விறைப்பாக நின்று, தாண்டிய அந்த வரியை ஆங்கிலத்தில் முதலிலிருந்து கடைசி வரை ஒரு பிழை இல்லாமல் ஒப்பித்துவிட்டேன்.

மேனேஜர் என் முழங்கையை விட்டுவிட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

“அப்போ உனக்கு தெரியும்?” என்றார் டாக்டர்.

“மனப்பாடமா தெரியும் சார். இங்கதான் அந்தப் பழமே இல்லியேன்னு உங்ககிட்ட சொல்லாம தாண்டிட்டேன். பம்பளிமாஸ் வாங்கிக் குடுத்தது நான்தான். பாலை விடச் சொல்லாம விட வெச்சதும் நான்தான்.” எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேனேஜர் சுவரில் தொங்கிய காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். மெர்சி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அவளோடு ஒரே வீட்டில் நான் இன்னும் குடியிருக்கிறேன்.

கட்டிலில் இருந்து குரல் வந்தது. “டாக்டர், நான் ஒண்ணு கேக்கட்டா? மாத்திரையா, பழமா, ஏதோ ஒண்ணுதானா?”

“ஒண்ணுதான்.”

“அப்போ மாத்திரையை மாத்து. பம்பளிமாஸை விடமாட்டேன்.”

டாக்டர் என் கண்ணெதிரில், என் பேனாவாலேயே, போட்டிக் கம்பெனியின் வேறு வகை மாத்திரையை எழுதினார். இதற்குப் பழமும் ஆகும், பால் காபியும் ஆகும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

கிறிஸ்மஸுக்குக் குவைத் மாப்பிள்ளை வந்தான், சென்ட் பாட்டிலோடு. ஞானமணி சார் அவனை உட்கார வைத்துப் பேசிவிட்டு அனுப்பிவிட்டார். பிறகு எனக்கு ஆள் அனுப்பினார்.

“பத்து நிமிசத்துல முப்பது தடவை ‘குவைத்துல எல்லாம் சூப்பர்’ன்றான். ஒரு கொறை சொல்லல. நீ கொன்னாலும் ஒத்துக்கினு கொல்ற ஆளு. மெர்சி நர்ஸு, பொழைக்க வெச்சிக்குவா. போப்பா, உங்க வூட்ல பெரியவங்களைக் கூட்டிக்கினு வா.” பழத்தட்டு மட்டும் வேண்டாம் என்று வாசல் வரை வந்து சொன்னார்.

மாமனாருக்கு எண்பது தாண்டிவிட்டது, எங்களோடுதான் இருக்கிறார். நான் அந்தக் கம்பெனியில் ஏரியா மேனேஜர் வரை உயர்ந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவர் வாயில் எங்கள் கம்பெனி மாத்திரை ஒன்றுகூட நுழைந்ததில்லை. போட்டிக் கம்பெனி ரெப்புக்கு வீட்டில் பால் காபி உண்டு. நான் வெளியூர் போய்விட்டு அல்வாவோ மிக்சரோ, எதை வாங்கி வந்தாலும், அவர் பொட்டலத்தைத் தொடமாட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்:

“மெர்சி, உம் புருசன் துன்றதுக்கு இன்னாவோ கொண்டாந்துக்கிறான். பொடி எழுத்துல ஏதாச்சும் போட்டிருக்குதா, வந்து படிச்சிட்டுப் போ!”