துணை மாஸ்டரின் கோரஸ் பெடல்

பேய்க்குப் பயந்தவர்கள் உண்டு, பாம்புக்குப் பயந்தவர்கள் உண்டு. தனியாக இருப்பதற்கு மட்டுமே பயந்தவர் இந்த உலகத்தில் துணை மாஸ்டர் ஒருவர்தான்.

தெற்கேயிருந்து திருப்பூருக்கு வந்து ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டராக இருந்தார். டீக்கடைக்கு ஒரு துணை, சலூனுக்கு ஒரு துணை; அதனால்தான் அந்தப் பெயர். பல் பிடுங்கப் போனபோதுகூட என்னைப் பக்கத்தில் நிற்க வைத்தார். டாக்டர், யாருக்குப் பல்வலி என்று என்னைத்தான் கேட்டார்.

எங்கள் மெல்லிசைக் குழுவில் அவர் பேஸ் கிடார், நான் கீபோர்டு. ஒருநாள் ஒத்திகையின் நடுவில் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “அண்ணாச்சி, தபலாவுக்கு டோலக் இருக்கு. பாடுதவருக்குக் கூடப் பாடுத பிள்ள இருக்கு. பேஸ் மட்டும் கீழ தனியா நடந்து போவுது. எனக்குப் பயமா இருக்கு.”

கோரஸ் பெடல் என்று ஒன்று இருப்பதாக யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். காலால் மிதிக்கும் சின்னப் பெட்டி. நாம் வாசிக்கும் ஒலியை இன்னொன்றாக்கி, அதை மயிரிழை தாமதித்து, லேசாகச் சுருதி அசைத்து, பழைய ஒலியோடு சேர்த்துவிடும். ஒருவர் வாசித்தால் இருவர் வாசிப்பதுபோல் இருக்கும். துணை மாஸ்டருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கோயமுத்தூர்க் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். விலை மலிந்த பெடலாகப் பார்த்து மாட்டினார்கள். மாஸ்டர் தடித்த கம்பியில் ஒரே சுரத்தைத் தட்டிவிட்டு, ஸ்பீக்கர் பெட்டியின் மேல் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஆளு வந்திருக்காரு. ஆனா கால் இல்ல” என்றார்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். எனக்கு விஷயம் புரிந்தது. கிடாருக்குச் செய்த மலிவுப் பெடல், பேஸின் அடிநாதத்தைத் தின்றுவிட்டிருந்தது. அடுத்ததில் அடிநாதம் இருந்தது, ஆனால் ஒரேயடியாக ஆடியது. “இவரு கெணத்துக்குள்ள நின்னு வாசிக்காரு” என்று அதையும் கழற்றினார். அடிநாதத்தைத் தொடாமல் மேலே மட்டும் அலையைக் கலக்கும் பெடல் ஒன்று கண்ணாடி அலமாரியில் இருந்தது. அதன் விலையைக் கேட்டதும் அலமாரிக் கண்ணாடியை ஒருமுறை துடைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. “ஏனுங்க, சோமனூர்ல பேஸ் வாசிக்கறவர் ஒருத்தர் போய்ச் சேர்ந்துட்டாருங்க. அவரு பெடல் இதே மாதிரிதானுங்க. அவரு சம்சாரம் கம்மியாவே குடுத்துருவாங்க” என்றார்.

மறு ஞாயிறு மத்தியானம் போனோம். தெரு முழுக்க விசைத்தறிச் சத்தம். அந்த அம்மா பெடலோடு கணவருடைய ஸ்பீக்கர் பெட்டியையும் எடுத்து வைத்தார். மாஸ்டர் வாசித்தார். அடி கனமாக இருந்தது, அதன்மேல் இன்னொரு விரல் மெல்ல நடந்தது. திடீரென்று கரண்ட் போனது. ஊரின் தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் செத்ததுபோல் நின்றன. பெட்டியும் நின்றது. எல்லாம் அடங்கிய பிறகு, அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் மட்டும் ஒருமுறை கிணுகிணுத்தன.

அந்த அம்மா அலமாரிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. “அவரு எப்பவுமே கொஞ்சம் பின்னாடிதானுங்க வருவாரு” என்றார்.

நான் வாசல் பக்கம் நகர்ந்தேன். மாஸ்டர் பெடலைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார்.

குன்னத்தூரில் ஒரு கல்யாண வரவேற்பு. பாட்டின் நடுவே மாஸ்டர் தவறான சுரத்தைத் தொட்டுவிட்டார். அதன் பின்னாலேயே, மயிரிழை தாமதித்து, சரியான சுரம் வந்தது. கோரஸ் பெடல் தப்பைத் தப்பாகத்தான் திருப்பிச் சொல்லும். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் முகம் அயர்ன் டேபிள் துணிபோல் வெளுத்தது. பாட்டு முடியும்வரை, அந்தச் சுரம் வந்த இடதுபக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் அவரைக் காணோம். சோமனூருக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போயிருந்தார். எங்களுக்கு அதுதான் பெரிய அமானுஷ்யமாக இருந்தது. திரும்பி வந்தபோது பெடல் கையிலேயே இருந்தது.

“‘அக்கா, ஒங்க வீட்டுக்காரரு எனக்குத் திருத்திக் குடுக்காரு. அவரு ஒங்ககூட இருக்கதுதான் மொற’ன்னு சொன்னேன்” என்றார்.

“அதுக்கு என்ன சொன்னாங்க?”

“‘இங்க இருந்தா அலமாரியில சும்மா உக்காந்திருப்பாருங்க. உங்ககூடன்னா நாலு கச்சேரிக்குப் போவாருல்லீங்க’ன்னு சொல்லிட்டாவ.”

அதன் பிறகு அவர் யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. டீக்கடையில் ஒற்றையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எங்களுக்குத்தான் ஒருமாதிரி இருந்தது.

மங்கலத்தில் சர்ச் திருவிழாக் கச்சேரிக்கு அந்த அம்மா வந்திருந்தார். முன்வரிசையில், தலை அசையாமல், கடைசிவரை கேட்டார். முடிந்ததும் மேடையருகே வந்து, “ரெண்டு பேரும் நல்லா வாசிச்சீங்க” என்றார்.

நான் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டேன்.

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு, “நான் என்னக்கா வாசிச்சேன். எல்லாம் அண்ணாச்சிதான்” என்று தனக்கு இடப்பக்கம் கையைக் காட்டினார். நான் நின்றது வலப்பக்கம்.

எத்தனையோ பெரிய வித்வான்களோடு மேடை ஏறிவிட்டேன். கைதட்டலை இவ்வளவு மரியாதையாகப் பகிர்ந்துகொண்ட ஒருவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.