அப்பாவைக் கண்டுபிடித்துவிட்டார்களாம்

ஹார்லெம், 6 மே 1971

அன்புள்ள தங்கை ஐயாந்திக்கு அண்ணன் எவரார்ட் எழுதிக்கொண்டது. இங்கே அனைவரும் நலம். அனைவர் என்றால் நான் ஒருவன்தான். பிரிட்ஜ்டவுனில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன்.

முப்பத்தைந்து வருஷம் சுரங்க ரயிலில் வேலை பார்த்துவிட்டு ஓய்வாக உட்காரலாம் என்றிருந்தேன். அதற்குள் நம் அப்பாவைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். லெனாக்ஸ் அவென்யூ முனையில் ஏணி போட்டு நின்று, போரையும் முதலாளிகளையும் வெள்ளையர் ஆட்சியையும் தொண்டை கிழியத் திட்டினாரே, அவரையேதான். அவர் 1919-இல் அச்சிட்ட சிறு புத்தகம் ஒன்று ஏதோ நூலகப் பெட்டியில் கிடந்திருக்கிறது. எடுத்தவள் ஒடெஸா டிராமெல், கல்லூரி ஆசிரியை. அன்றிலிருந்து ஒலிப்பதிவுக் கருவியோடு என் வீட்டில்தான் இருக்கிறாள். கூடவே அவள் மாணவர்கள் பத்துப் பேர். நான் சுட்ட தேங்காய் ரொட்டியைத் தின்றுகொண்டே, அப்பா என்ன நினைத்தார் என்று சண்டை போடுகிறார்கள். "அவர் அப்படியெல்லாம் நினைக்கலையேம்மா" என்று நேற்று மெதுவாகச் சொன்னேன். ஒடெஸா திரும்பி, "மிஸ்டர் கிட்டன்ஸ், நீங்க அவரைப் படிச்சிருக்கீங்களா?" என்றாள். "இல்லம்மா. அவரோட ஒரே மேசையில சாப்பிட்டிருக்கேன், அவ்வளவுதான்" என்றேன். "அது ஆதாரம் ஆகாதே" என்கிறாள்!

இதைவிடப் பெரிய கூத்து படம். அப்பாவின் படம் வேண்டும் என்றாள். அவரும் கார்ன்வால் மாமாவும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுதானே இருக்கிறது? "இடது பக்கம் நிக்கிறவர்" என்றேன். படத்தில் நிற்பவர்களுக்கு எது இடது என்று பார்த்து வெட்டிவிட்டாள். இப்போது தெரு முழுக்கச் சுவரொட்டியில் முறைத்துப் பார்ப்பது மாமா. அப்பா எங்கே பேசுகிறார் என்று போலீசுக்குத் துப்புச் சொன்ன அதே மாமா! அவர் முகத்தைத் தூக்கிப்பிடித்து, முஷ்டியை உயர்த்தி ஊர்வலம் போகிறார்கள்.

ஒடெஸாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "அய்யோ, ஐந்நூறு அடிச்சாச்சே! பொறுங்க, அடுத்த வாரம் சனிக்கிழமை கூட்டத்துல நீங்களே மேடை ஏறி உண்மையைச் சொல்லிடுங்க."

"நானா? ரயில்ல 'கதவு மூடுது, தள்ளி நில்லுங்க'ன்றதைத் தவிர நான் எதுவும் பேசினதில்லம்மா."

எனக்கு அலுத்துவிட்டது, ஐயாந்தி. உயிரோடு இருந்தபோது ஒருவரும் கேட்கவில்லை. அவர் சவப்பெட்டியின் பின்னால் ஏழு பேர் நடந்தோம். இப்போது எதற்கு? கூட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை விமானத்தில் அங்கே வந்துவிடுகிறேன். பின்கட்டு அறையை எனக்கு ஒழித்து வை.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
களைத்துப்போன அண்ணன்,
எவரார்ட் கிட்டன்ஸ்

பின்குறிப்பு: அறையை ஒழிக்க வேண்டாம். உறையை ஒட்டும் நேரத்தில் ஒடெஸா வந்து அந்தப் புத்தகத்தின் நகலை நீட்டினாள். திட்டிக்கொண்டேதான் பிரித்தேன். கடைசிப் பக்கத்தில் அப்பா எழுதியிருக்கிறார்: 'நான் ஏணியில் நிற்பதைக் கண்டால் என் பதினொரு வயது மகன் தெருவின் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. எந்தச் சாரியிலும் அவன் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்றுதான் கத்துகிறேன்.' அவர் என்னைப் பார்த்தார் என்றே எனக்கு இத்தனை நாள் தெரியாது. சனிக்கிழமை மேடையில் முதலில் அதைத்தான் படிக்கப்போகிறேன்.