கட் ஆஃப் எவ்வளவு சார்?

‘ஊர்ல இல்ல’ என்பதைப் போல வசதியான பதில் தமிழில் இன்னொன்று கிடையாது. இன்சூரன்ஸ் ஏஜென்ட், நன்கொடைப் புத்தகத்தோடு வருகிறவர்கள், பத்திரிகை வைக்க வரும் தூரத்துச் சொந்தம் என்று எல்லாருக்கும் இதையே சொல்லி அனுப்பிவிடலாம். எந்த ஊர் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. நான் இதை என் மனைவி ஸ்டெல்லாவைக் கேட்டவர்களுக்குச் சொன்னேன். அவள் இறந்துபோய் ஏழு மாதம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தெரிந்தவர்களிடம் சொல்ல முடியாது. அவர்கள் அடக்கத்துக்கு வந்து, கல்லறையில் ஒரு கைப்பிடி மண் போட்டுவிட்டுப் போனவர்கள். தெரியாதவர்களிடம்தான் என் வீரம். (கேஸ் சிலிண்டர் போடுகிறவர், இஸ்திரி வண்டிக்காரர், கூரியர்.) அடக்கம் ஸ்டெல்லாவின் அம்மா வீட்டிலிருந்து, பரங்கிமலையில் நடந்தது. அதனால் மந்தைவெளியில் எங்கள் தெருவுக்குப் பந்தலும் தெரியாது, பெட்டியும் தெரியாது. அபார்ட்மென்டில் எதிர்வீட்டுக்காரர் பெயர் எனக்கே தெரியாதபோது, என் வீட்டில் ஒருத்தி குறைந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

நான் அழவும் இல்லை. கல்லறையில் என் மச்சினன், “மாமா கல்லு மாதிரி நிக்கிறார்” என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அதற்கப்புறம் எவ்வளவு முயன்றும் உட்காரத் தெரியவில்லை.

ஆபத்து சனிக்கிழமைகளில் வந்தது. நொச்சிக்குப்பத்திலிருந்து தேசம்மா மீன் கூடையோடு வருவாள். ஸ்டெல்லாவும் அவளும் பன்னிரண்டு வருஷமாக வாசல் படியில் உட்கார்ந்து சண்டை போட்டே சிநேகிதமானவர்கள்.

“இன்னா சார், அக்கா எங்க?”

“ஊர்ல இல்ல.”

“எப்ப வர்றாங்கோ?”

“வந்துடுவா.”

“அக்காவுக்குன்னே நல்ல நெத்திலியா எட்த்துக்கினு வந்தேனே!”

கேள்வி நிற்க ஒரே வழி, மீனை வாங்கிக்கொள்வது. எனக்கு மீன் ஆயத் தெரியாது, குழம்பு வைக்கவும் தெரியாது. அப்படியே ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். ஏழு மாதத்தில் ஐஸ் வைக்கிற இடத்தில் ஐஸுக்கு இடமில்லை. திறந்தால் நூற்றுக்கணக்கான நெத்திலிகள் என்னை முறைத்துப் பார்க்கும். நானும் சத்தமில்லாமல் மூடிவிடுவேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் ஜெனி ஈஸ்டர் லீவுக்கு வந்தபோது குட்டு வெளிப்பட்டது. வாசலில் தேசம்மாவிடம் நான் வழக்கமான பாடத்தை ஒப்பித்துவிட்டுத் திரும்புகிறேன், பின்னால் ஜெனி நிற்கிறாள். நேராகச் சமையலறைக்குப் போய் ஃப்ரீசரைத் திறந்து பார்த்தாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

“அப்பா, எனக்கும் அவங்க அம்மாதான். நீ ஊர்ல இல்லன்னு சொல்லிட்டிருந்தா நான் இந்த வீட்ல எங்க உக்காந்து அழறது?”

‘மீன் பழைய மீன், தொடாதே’ என்று மட்டும் சொன்னேன். (நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.)

“நீ கவுன்சிலிங் போப்பா. யார்கிட்டயாவது பேசு. பேசினப்புறம் சொல்லு, வர்றேன். அதுவரைக்கும் என்னால இங்க வர முடியாது.”

“என்னைப் பைத்தியம்ங்கிறியா?”

“கண்ணு தெரியலன்னா வெக்கப்படாம கண்ணாடி போடுங்கன்னு ஊருக்கே சொல்றியே, அந்த மாதிரிதான்ப்பா இதுவும்.”

நான் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். என் வாயாலேயே என்னை மடக்கிவிட்டு, அன்று சாயங்காலமே ரயிலேறிப் போய்விட்டாள். அவள் போன பிறகு வீட்டில் இரண்டு பேர் ஊரில் இல்லை.

மூன்று வாரம் தாங்கினேன். எங்கே போவது என்று யாரைக் கேட்பது? பங்குச் சாமியாரிடம் போகலாம். ஆனால் அவர் நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் என் பெயரைச் சொல்லி, ‘மன ஆறுதலுக்காக மன்றாடுவோம்’ என்று மைக்கில் சொல்லிவிடுவார். இன்டர்நெட்டில் தேடலாம் என்றால், கடைக் கம்ப்யூட்டரில் தேடியதைக் கடைப் பெண் பார்த்துவிடுவாளோ என்று பயம். கடைசியில் எனக்கு லென்ஸ் சப்ளை பண்ணுகிற பாலாஜியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“பாலாஜி, நமக்குத் தெரிஞ்ச ஒரு ஃபேமிலிக்குக் கவுன்சிலிங் போகணுமாம். நல்ல இடம் ஏதாவது தெரியுமா?”

“ஆமாண்ணே, சீசன் ஆச்சே!” என்றான். துக்கத்துக்கு ஏது சீசன் என்று ஒரு விநாடி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. “டி.நகர்ல ஒரு இடம் இருக்குண்ணே. என் மச்சான் பொண்ணை அங்கதான் கூட்டிட்டுப் போனோம். ஒரே நாள்ல முடிச்சுக் குடுத்துட்டாங்க.”

ஒரே நாளில்! எனக்கு அந்தப் பெண் மேல் பொறாமையாகவே இருந்தது.

அடுத்த நாள் கோவிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். டாக்டர் கேட்டால் காட்ட வேண்டுமே என்று ஸ்டெல்லாவின் ஆஸ்பத்திரி ஃபைலையும் எடுத்துக்கொண்டு உஸ்மான் ரோட்டுக்குப் போனேன். ஒரு புடவைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. கதவைத் திறந்ததும் அசந்துவிட்டேன். ஹால் நிறையக் கூட்டம். அப்பா, அம்மா, நடுவில் தலையைத் தொங்கப்போட்டபடி ஒரு பிள்ளை. எல்லார் கையிலும் ஃபைல். ஒரு அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஜெபித்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் இத்தனை வீடுகளிலா இழவு விழுந்தது என்று ஒவ்வொரு குடும்பமாக எண்ணிப் பார்த்தேன்.

சுவரில் வரிசையாகச் சிரிக்கும் இளம் முகங்கள். ஒவ்வொரு முகத்துக்குக் கீழும் 192.5, 188 என்று ஓர் எண். குணமாகிப் போனவர்கள், பேஷன்ட் நம்பர் போட்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். (முப்பதடி தூரத்து எழுத்தைக்கூட என்னால் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியும். படித்து என்ன பிரயோஜனம்?)

டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் ஊதாப் புடவை கட்டிய ஓர் அம்மாள். தானாகவே பேச்சுக் கொடுத்தார்.

“ஒரிஜினல் எல்லாம் எடுத்துட்டு வந்தீங்களா சார்?”

“எல்லாம் இருக்கும்மா. ஸ்கேன்கூட வெச்சிருக்கேன்.”

“ஸ்கேனே பண்ணிட்டீங்களா? நாங்க வெறும் ஜெராக்ஸ்தான்.”

பாவம், வசதி இல்லாத குடும்பம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“ரிசல்ட் வந்த நாள்லேருந்து வீட்ல யாருக்கும் தூக்கமில்ல சார். அவர் யார்கூடவும் பேசறதே இல்ல” என்றார்.

‘ரிசல்ட்’ என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். “எங்க வீட்லயும் ரிசல்ட் வந்த அன்னிக்குத்தாம்மா எல்லாம் முடிஞ்சது” என்றேன். அந்த மஞ்சள் கவரை லேபிலிருந்து வாங்கி வந்தது நான்தான். ஆட்டோவிலேயே பிரித்துப் படித்துவிட்டு, வீட்டுக்குப் போய், ‘இன்னும் வரலையாம், நாளைக்கு வரச்சொன்னாங்க’ என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். என் முதல் ‘ஊர்ல இல்ல’ அதுதான்.

“கவலைப்படாதீங்க சார். மூத்தவனுக்கும் இங்கதான் பாத்தோம். இப்ப நல்லா இருக்கான், கோயம்புத்தூர்ல” என்று என்னைத் தேற்றினார் அந்த அம்மாள்.

என் நம்பரைக் கூப்பிட்டார்கள். உள்ளே டை கட்டிய ஓர் இளைஞர், முன்னால் லேப்டாப். ‘சீனியர் கவுன்சிலர்’ என்று மேஜையில் பலகை. என் மகளை விட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம்.

“உக்காருங்க சார். யாருக்கு?”

பாலாஜியிடம் சொன்ன பொய்யை இங்கேயும் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, “எனக்குத்தான் சார்” என்றேன்.

அவர் சிரித்தார். “எல்லா பேரன்ட்ஸும் அப்படித்தான் சார். பசங்களை விட உங்களுக்குத்தான் டென்ஷன். சரி, எவ்ளோ வருது?”

அழுகையைக் கேட்கிறார் என்று நினைத்தேன். எவ்வளவு நேரடியாக விஷயத்துக்கு வந்துவிட்டார்! “வரவே மாட்டேங்குது சார். அதான் பிரச்சினையே.”

“எதிர்பார்த்தது வரலையா?”

“எல்லாருக்கும் வந்துது. என் பொண்ணுக்கு, மச்சினனுக்கு. எனக்கு மட்டும் வரல.”

“ரீவேல்யுவேஷன் போட்டுப் பாத்தீங்களா?”

மருத்துவ வார்த்தை போலிருந்தது. “இல்லை சார், இதுதான் முதல் தடவை.”

“சரி விடுங்க. எதுல இன்ட்ரஸ்ட்?”

“எதுலயுமே இல்ல சார்.”

“அப்ப மெக்கானிக்கல்?”

“ஆமா சார்” என்றேன் உருகிப்போய். ஒரு வார்த்தையில் என் ஏழு மாதத்தைச் சொல்லிவிட்டாரே! “எழுந்திருக்கறது, கடையைத் திறக்கறது, மூடறது, எல்லாம் மெக்கானிக்கலாத்தான் போயிட்டிருக்கு.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் வரிசை நீளம், அவருக்கு அவசரம். ஒரு ஃபாரத்தை எடுத்து என் பக்கம் தள்ளி, “கட் ஆஃப் அப்புறம் போட்டுக்கலாம். இங்க ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும் சார். மேடம் வரலையா?” என்றார்.

“ஊர்ல இல்ல.” யோசிக்காமலே வந்துவிட்டது.

“மேடம் கையெழுத்து இல்லாம ஃபாரம் எடுக்க மாட்டோம் சார். சாயங்காலம் வந்துடுவாங்களா?”

“இல்ல, வரமாட்டா.”

“நாளைக்கு?”

“வரமாட்டா.”

“எப்பதான் சார் வருவாங்க?” என்று அவர் பேனாவை மேஜையில் தட்டினார்.

ஏழு மாதமாக இதே கேள்வியைத் தேசம்மாவிடம் மீன் வாங்கிச் சமாளித்திருந்தேன். இங்கே வாங்குவதற்கு ஒன்றும் இல்லை.

“வரமாட்டா சார். செத்துட்டா.”

சொல்லி முடித்ததும் எனக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என் சத்தம் என்று எனக்கே தெரியவில்லை. மேஜையில் தலையை வைத்து, அந்த ஃபாரத்தின் மேலேயே அழுதேன். நாற்பத்தெட்டு வயசு மனிதன், கோவில் சட்டை போட்டுக்கொண்டு, ஸ்டெல்லா ஸ்டெல்லா என்று மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன். கதவு திறந்திருந்தது. ஹாலில் ஒருவர், “பாவம், சீட் கிடைக்கல போலருக்கு” என்றார். இன்னொருவர் வாசல் வரை வந்து, “மனசைத் தளர விடாதீங்க சார், டிப்ளமோ படிச்சிட்டு நேரா ரெண்டாவது வருஷம் சேரலாம்” என்றார். அப்போதுதான் எனக்கு மெல்ல உறைத்தது. அழுகையோடு சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. அது பார்க்கிறவர்களுக்கு இன்னும் பயங்கரமாக இருந்திருக்க வேண்டும்.

சீனியர் கவுன்சிலர் தண்ணீர் பாட்டிலைத் திறக்கத் தெரியாமல் திறந்து கொடுத்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. “சார், இது இன்ஜினியரிங் கவுன்சிலிங் சார்” என்றார், ஏதோ தப்பு அவருடையது போல.

படிக்கட்டில் ஊதாப் புடவை அம்மாள் என் ஃபைலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். நான் விட்டுவிட்டு வந்திருந்தேன். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. “உங்க வீட்டுக்காரம்மா பேரு ஸ்டெல்லாவா சார்?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். “நல்ல பேரு” என்று சொல்லி ஃபைலைக் கொடுத்துவிட்டு, தன் டோக்கன் போய்விடுமே என்று ஓடினார்.

அந்தச் சனிக்கிழமை தேசம்மாவிடம் சொன்னேன். அவள் கூடையை இறக்கவே மறந்து அப்படியே நின்றாள். பிறகு பிடித்தாளே ஒரு பிடி!

“இன்னா மன்ஷன் சார் நீ? ஏழு மாசமா என்னாண்ட மீனு வாங்கிக்கினு கீறே! சொல்லியிருந்தா ஒரு மாலை எட்த்துக்கினு வந்திருப்பேன் இல்ல? மீன்காரிதானே, இவளுக்கு இன்னா சொல்றதுன்னு வுட்டுட்டியா?”

ஜெனியிடம் செய்ததைத்தான் இவளிடமும் செய்திருக்கிறேன். துக்கம் முழுவதையும் என் ஒருவனுக்கே என்று ஃப்ரீசரில் பூட்டி வைத்திருக்கிறேன். தேசம்மா ஸ்டெல்லா உட்காரும் படிக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் ஸ்டெல்லாவின் படியில் உட்கார்ந்தேன். அன்றைக்குப் பணம் வாங்காமல் போய்விட்டாள். மறுவாரம் வந்து ஃப்ரீசரைக் காலி செய்து கொடுத்தாள், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

ஜெனிக்குப் போன் பண்ணி டி.நகர் கதையைச் சொன்னேன். பாதியில் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கண்டுபிடிக்க நேரமாயிற்று. “அடுத்த வெள்ளிக்கிழமை வர்றேன்ப்பா” என்றாள்.

நிஜக் கவுன்சிலிங்கும் போனேன். அடையாறில் வேப்பமரத்து நிழலில் ஒரு வீட்டு மாடி. ஜெனி தேடிக் கண்டுபிடித்த இடம். அந்த டாக்டரம்மா, “என்ன விஷயமா வந்திருக்கீங்க?” என்று கேட்டதும், “மேடம், இங்க சீட் எதுவும் குடுக்கறதில்லையே?” என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் பேச ஆரம்பித்தேன். ஒரே நாளில் முடித்துக் கொடுக்கவில்லை. ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதுவும் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் ‘எப்படி இருக்கே’ என்று யாரும் கேட்பதில்லை. ‘கட் ஆஃப் எவ்வளவு?’ என்றுதான் கேட்போம். இருநூறுக்கு. நல்ல நாளில் நூற்றெழுபது சொல்வேன். மழை நாளில் நூற்றிருபது. ஸ்டெல்லாவின் நைட்டி ஒன்று அலமாரிக்குப் பின்னாலிருந்து கிடைத்த அன்று முப்பத்திரண்டு. அன்று ஜெனி பெங்களூரிலிருந்து இரண்டு மணி நேரம் போனிலேயே இருந்தாள்.

போன வருஷ நினைவுப் பூசை முடிந்து பரங்கிமலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம்.

“கட் ஆஃப் எவ்ளோப்பா?”

“தொண்ணூறு. உனக்கு?”

“எழுபது.”

ஜெனி ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் முப்பத்தாறு வாங்கியபோது, ‘பாஸ்தானே, அப்புறம் என்ன?’ என்று ஜாங்கிரி வாங்கிக் கோவிலில் எல்லாருக்கும் கொடுத்தவள் ஸ்டெல்லா. அது இரண்டு பேருக்குமே ஒரே சமயத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“ரெண்டையும் கூட்டினா நூத்தி அறுபதுப்பா. அம்மா இருந்தா இதுக்கே ஜாங்கிரி வாங்கியிருப்பாங்க” என்றாள் ஜெனி.

ஆட்டோவை நிறுத்தச் சொல்லிக் கால் கிலோ வாங்கினோம். கடைக்காரர், “என்ன சார் விசேஷம்?” என்று கேட்டார்.

“என் மனைவி இறந்த நாள்” என்றேன்.