கருப்பனாருக்கு முன்னால் நான் கேட்ட துளுக்கு

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தாக வேண்டும். சின்ன வயதில் கடிகாரம், ரேடியோ, பக்கத்து வீட்டு மிக்சி என்று ஆரம்பித்தது (மிக்சியை மட்டும் திரும்ப மாட்ட முடியவில்லை). அடி வாங்கியிருக்கிறேன், ஷாக்கும் வாங்கியிருக்கிறேன். அதெல்லாம் என்னோடு போயிற்று. கல்யாணமான ஐந்தாவது மாதம்தான் இந்த வியாதி ஒரு சாமி, ஒரு கிடா, மனைவி வீட்டுச் சொந்தம் மொத்தத்தையும் சேர்த்து இழுத்துவிட்டது.

அந்தச் சமயத்தில் எனக்கு மலையேற்றப் பைத்தியம் வேறு பிடித்திருந்தது. ஓமலூரில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தபடியே ஒரு மலையேற்ற வாட்ஸப் குழுவில் சேர்ந்து, வழுக்காத ஷூ, மடக்குக் கம்பு, ஆறு ஜிப் வைத்த முதுகுப்பை எல்லாம் வாங்கிவிட்டேன். ஏறிய மலை எது என்று கேட்டால் ஏற்காடு. அதுவும் பஸ்ஸில்.

என் மாமனார் மல்லசமுத்திரம் பக்கம் குச்சிக்கிழங்கு (மரவள்ளிதான்) போடுகிற விவசாயி. மூன்று வருடத்துக்கு முன் காடு காய்ந்து கிடந்தபோது, போர் போட்டுத் தண்ணீர் வந்தால் குலசாமி கருப்பனாருக்குக் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டார். தண்ணீரும் வந்தது. கூடவே சண்டையும் வந்தது. போர் போட்ட இடம் அவருடைய அண்ணன் கிணற்றுக்கு இருபதடி தள்ளி. அண்ணன் கிணற்றில் தண்ணீர் இறங்கிப்போக, அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. எங்கள் கல்யாணத்துக்குக்கூடப் பெரியவர் வரவில்லை. ஆனால் குலசாமி இருவருக்கும் பொது. அதனால் கிடா வெட்டுக்கு மட்டும் வருவார், தள்ளி நிற்பார் என்று பேச்சு.

கோயில் வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு கரட்டுக் குன்றின் உச்சியில் இருந்தது. அன்று காலை வேனில் போகும்போது என் மனைவி கவிதா முறையை எனக்கு விளக்கினாள்.

“கெடா தலையிலயும் முதுகுலயும் மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க. அது உடம்பக் குலுக்கி ஒதறணும். அதாங்க துளுக்கு. துளுக்குனாத்தான் சாமி உத்தரவு குடுத்ததா அர்த்தம். அதுவரைக்கும் கத்தி எடுக்க மாட்டாங்க.”

“துளுக்கலைன்னா?”

“குடும்பத்துல யாரோ கொறை வெச்சிருக்காங்கன்னு அர்த்தமுங்க.”

“தண்ணி ஊத்தினா எந்த ஆடும் உதறத்தானே செய்யும்? அதுல சாமி எங்க வருது?”

கவிதா என்னை ஒரு பார்வை பார்த்தாள். “ஏனுங்க, இன்னைக்கு ஒரு நாளைக்கு வாய மூடிட்டு இருங்க” என்றாள். வாயை மூடினேன். மூளையை எப்படி மூடுவது?

அடிவாரத்தில் அண்டா, அடுப்பு, அரிசி மூட்டை எல்லாம் இறங்கின. எல்லோரும் சுமையோடு படி வழியாக ஏறத் தயாரானார்கள். கிடாவை யார் கூட்டிப்போவது என்று பேச்சு வந்தபோது நான் மடக்குக் கம்பைச் சடக்கென்று விரித்துக்கொண்டு முன்னால் போனேன்.

“மாமா, கிடாவ என்கிட்ட விடுங்க.”

“அட, உங்களுக்கெதுக்குங்க மாப்ள இந்தச் செரமம்? வெயிலு வேற.”

“எனக்கு மலையேற்றம் பழக்கம் மாமா” என்றேன். அவரும் மாப்பிள்ளை ஆசைப்படுகிறாரே என்று கயிற்றைக் கொடுத்துவிட்டார். மனிதர் நல்லவர். அதுதான் எனக்கு வருத்தம்.

படியில் போனால் மலையேற்றமா? கிடாவோடு பாறை வழியில் திரும்பினேன். பத்து நிமிடத்தில் ஒன்று தெளிவாகிவிட்டது. எங்கள் இருவரில் மலையேறத் தெரிந்தது ஒன்றுதான். அதற்கு நான்கு கால், ஷூ கிடையாது. அது ஒவ்வொரு பாறையிலும் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. என் வழுக்காத ஷூ இரண்டு முறை வழுக்கியது. ஓர் இடத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறினேன். சரியாகச் சொன்னால் கிடாதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனது.

பாதி வழியில் ஒரு பெரிய பாறை நிழலில் உட்கார்ந்தோம். பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தேன். கிடா எதிரே நின்றது. சுற்றிலும் ஆளே இல்லை. அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. ஒரே ஒரு தடவை பார்த்தால் என்ன?

தலையில் கொஞ்சம் ஊற்றினேன். அடேயப்பா! காது படபடக்க, கழுத்து, முதுகு, வால் என்று ஒரு நடுக்கம் அலையாக ஓடி என் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். எனக்குச் சிலிர்த்துவிட்டது. அடுத்த கேள்வி உடனே வந்தது. முதுகில் மட்டும் ஊற்றினால்? ஊற்றினேன். உதறியது. காதில் மட்டும்? அதற்கும் உதறியது. முதுகில் ஊற்றியதிலிருந்தே செல்போனைப் பாறையில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன் (குழுவில் போட வேண்டாமா?). நாலாவது தடவை லேசாக உதறியது. ஐந்தாவது தடவை தோலை மட்டும் சுண்டியது. ஆறாவது தடவை ஒன்றும் செய்யவில்லை. கண்ணை மூடி, குற்றாலத்துக்கு வந்தவர் அருவியில் நிற்கிற மாதிரி சுகமாக நின்றது. நல்ல வெயிலாச்சே, பாவம்!

‘ஆறு தடவையில் பழகிவிடுகிறது’ என்று மனதில் குறித்துக்கொண்டேன். அதன் அர்த்தம் என்ன என்று மட்டும் உறைக்கவில்லை. துண்டால் துவட்டிவிட்டு மேலே போனேன்.

உச்சியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உலை கொதித்தது, வெங்காயம் உரித்தாகிவிட்டது. பெரியவர் சொன்னபடியே தள்ளி, ஒரு வேலமரத்தடியில் தனியாக நின்றார். பூசாரி மாலை போட்டு, கிடாவின் தலையில் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். கிடா கண்ணை மூடிக்கொண்டது.

ஆறாவது தடவையின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இரண்டாவது சொம்பு. மூன்றாவது சொம்பு. “உத்தரவு குடு சாமீ!” என்று எல்லோரும் கும்பிட்டார்கள். கிடா அசைபோட ஆரம்பித்தது. அரை மணி நேரம் போனது. பூசாரி சொம்பைக் கீழே வைத்தார்.

“ஆரு மனசுலயோ கொறை இருக்குதுங்க. இருந்தா இங்கயே சொல்லிப்போடுங்க.”

முதலில் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “அறநூறு அடி ஓட்டியும் புழுதியாவே வந்தப்ப, நீயெல்லாம் ஒரு சாமியான்னு கேட்டுப்போட்டேன். தெரியாமப் பேசிட்டேன் சாமி!” ஒரு சொம்பு ஊற்றினார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

மாமனாரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தண்ணீர் கொடுத்த சாமி காணிக்கையை வேண்டாம் என்கிறது. நாளைக்குப் போர் வற்றினால் குச்சிக்கிழங்கு என்ன ஆவது, குடும்பம் என்ன ஆவது? அவர் அப்படியே மண்ணில் மண்டிபோட்டுவிட்டார்.

“தேங்கா வெச்சு நீரோட்டம் பாத்தவன் ரெண்டு எடம் காட்டுனான் சாமி. ஒண்ணு தெக்கால, ஒண்ணு எங்கண்ணங் கெணத்துக்கிட்ட. தெக்கால பாறைன்னு பயந்துக்கிட்டு இங்க போட்டேன். அண்ணங்கிட்ட ஒரே எடந்தான் காட்டுனான்னு பொய் சொல்லிட்டேன்.” பெரிய மனிதர், விக்கி விக்கி அழுதார்.

வேலமரத்தடியிலிருந்து பெரியவர் வந்தார். எல்லோரும் ஒதுங்கினார்கள். தம்பியின் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

“அட எந்திரி சாமி. அது எனக்கு அன்னைக்கே தெரியும். அந்தத் தேங்காக்காரன் எங்கிட்டயும்தான் சொன்னான்.” கொஞ்சம் நிறுத்தி, “உன்ற மோட்டாரு பியூஸ் கட்டைய ரெண்டு தடவ புடுங்கி வீசுனது நாந்தான்” என்றார்.

“மூணு தடவைங்கண்ணா.”

“சரி, மூணு.”

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். கூட்டமே அழுதது. நானும் அழுதேன், ஆனால் என் அழுகை வேறு. மூன்று வருடப் பகை என் பாட்டில் தண்ணீரில் கரைந்துகொண்டிருக்கிறது. இப்போது உண்மையைச் சொன்னால் எல்லாம் கெட்டுவிடும். சொல்லாவிட்டால் இந்தக் கிடா சாயங்காலம் வரை குளித்துக்கொண்டே நிற்கும். இப்போதாவது துளுக்கித் தொலையேன் என்று அதனிடம் மனதுக்குள் கெஞ்சினேன்.

பூசாரி மறுபடி ஊற்றினார். கிடா கண்ணை மூடியது.

மாமனார் உடைந்துபோனார். “இன்னும் என்ன கொறை சாமி? ஆங்... புள்ள கல்யாணத்தப்ப மாப்ளையப் பத்தி நான் ஒரு வார்த்தை...”

“மாமா!” என்று கத்தினேன். “குறை என்னோடதுங்க மாமா!”

எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் நம்பவில்லை. செல்போனைக் கொடுத்தேன். பூசாரி கண்ணாடி போட்டுக்கொண்டு வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். “கேட்டப்பவெல்லாம் சாமி உத்தரவு குடுத்திருக்குதுங்க. குடுக்க வேண்டிய எடத்துலதான் குடுக்கல” என்றார்.

மாமனார் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், கடைசியில் கிடாவைப் பார்த்தார்.

“அப்ப நான் எதுக்குங்க அழுதேன்?”

அவ்வளவுதான், பெரியவர்தான் முதலில் சிரித்தார். தம்பியின் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தார். அப்புறம் கூட்டமே உருண்டது. கவிதா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் சிரிப்பு வந்தது. உத்தரவு கிடைக்காததால் கிடாவை வெட்டாமல் திருப்பிக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. கோழிப்பண்ணையிலிருந்து முட்டை வரவழைத்து, கிடா விருந்துக்கு வந்த கூட்டம் முட்டைக் குழம்பு சாப்பிட்டுப் போனது. அடுத்த மாதம் மறுபடி போனார்கள். முதல் சொம்பிலேயே துளுக்கிவிட்டதாம். என்னை அடிவாரத்தில் வேனுக்குள்ளேயே உட்கார வைத்திருந்தார்கள், பாட்டிலைக்கூட வாங்கி வைத்துக்கொண்டு.

அண்ணன் தம்பி இப்போது ஒரே பைப்பில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். எப்போதாவது குரல் உயர்ந்தால் மாமியார் அடுப்படியிலிருந்தே, “ஓமலூரு மாப்ளைய வரச் சொல்லட்டுங்களா?” என்பார். இருவரும் அடங்கிவிடுவார்கள்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. மாமனார் என்னைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு வார்த்தை என்ன? கவிதாவுக்குத் தெரியும். கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்.

“அடுத்த கெடா துளுக்காம நிக்கட்டுங்க, அப்பாவே சொல்லுவாரு.”