இன்னொண்ணு கம்பவுண்டர்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே அந்த நாட்களில் வாழ்ந்தவர்கள் இரண்டே வகை. இன்னொண்ணு கம்பவுண்டரிடம் பஸ்கி எடுத்தவர்கள், எடுக்கப்போகிறவர்கள். மூன்றாவது வகையில் ஒருவரை நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் சின்ன ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுப்பது அவர் வேலை. டாக்டர் வாரத்தில் ஒருநாள் வருவார். மற்ற ஆறு நாளும் கம்பவுண்டர்தான் டாக்டர். அவருடைய ஞானஸ்நானப் பெயர் சபைப் பதிவேட்டில் இருந்திருக்கும். ஊருக்குத் தெரிந்தது அவர் ஓயாமல் சொல்லும் ஒரே சொல்தான். பத்து பஸ்கி எடுத்து, கண் இருட்டி நிற்பவரின் காதருகே குனிந்து, "இன்னொண்ணு" என்பார். அதையும் எடுத்துவிட்டால் மறுபடியும் "இன்னொண்ணு."

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பத்திர ஆபீசில் குமாஸ்தா. அப்பாவும் தாத்தாவும்கூட சர்க்கார் குமாஸ்தாக்கள்தான். மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் யாரும் அவசரமாக நடந்ததில்லை. வயிறு மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை முன்னேறிக்கொண்டிருந்தது.

செரிக்கவில்லை என்று ஒருநாள் அவரிடம் போனேன்.

"குப்பி கொண்டு வந்தியா?"

"உண்டு சாரே."

"அத அங்ஙன வையி. வேட்டிய மடிச்சுக் கெட்டு. இரு. எந்திரி. இரு. எந்திரி."

ஏதோ பரிசோதனை என்று நினைத்தேன். பன்னிரண்டாவதில் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"சாரே, உயிரு போவுது."

"போவாது. போச்சுண்ணா நான் பொறுப்பு. இனி முடியாதுண்ணு தோணுச்சில்லியா? இதுவரைக்கும் செய்தது ஒனக்க ஒடம்புக்குத் தெரிஞ்சது. இனிமேல் செய்யப்போறதுதான் மருந்தாக்கும். இன்னொண்ணு."

குப்பியில் ஓமத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அதைப் பிடித்து வீடுவரை கொண்டுபோகக் கையில் பலம் இல்லை.

ஜலதோஷம் என்று போன உபதேசியார் முப்பது தண்டால் எடுத்துவிட்டு வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை உட்கார்ந்தபடியே செய்தார். பல்வலியோடு வந்த ஒருவர், "பல்லுக்கும் பஸ்கியா சாரே?" என்று கேட்டார். "பல்லு பின்ன எங்க இருக்கு? காட்டாக்கடைச் சந்தையிலயா?" என்று கம்பவுண்டர் திருப்பிக் கேட்டார்.

மெல்ல ஆஸ்பத்திரிக்குப் பின்னால், பலாமரத்தடியில், காலைதோறும் ஒரு கூட்டம் சேர்ந்தது. தூக்க ஒரு பழைய ஆட்டுக்கல். சுற்றி ஓட ஒரு மரச்சீனிக் கிழங்குத் தோட்டம். கம்பவுண்டர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணுவார். அவர் ஒரு பஸ்கி எடுத்து நாங்கள் பார்த்ததில்லை. கேட்டால், "ரெண்டு வேலையும் நானா செய்யணும்?" என்பார்.

மொழி பார்த்து எல்லை பிரிக்கப்போகிறார்கள் என்று ஊர் அப்போது இரண்டுபட்டுக் கிடந்தது. நாம் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம். ஒருபிடி மண்ணைக்கூட விடமாட்டோம் என்று மலையாளிகளின் இன்னொரு கூட்டம். நாள்தோறும் ஊர்வலம், நாள்தோறும் தடை. நெசவுக்காரன் செல்லையன் தமிழ்க் கூட்டத்தில் முதல் ஆள். அவனை மாலைதோறும் துரத்தும் பொறுப்பு கோபாலன் என்ற போலீஸ்காரருக்கு. இருவரும் காலையில் ஒரே ஆட்டுக்கல்லை மாற்றி மாற்றித் தூக்கினார்கள்.

ஒருநாள் செல்லையன் முறையிட்டான்.

"சாரே, இந்த ஆளுக்கு ஓட்டம் சொல்லிக் குடுக்காதீங்க. நேத்து என்னை எட்டிப் பிடிச்சிட்டாரு."

கம்பவுண்டர் யோசித்தார். "அப்ப ஒனக்க ஓட்டம் போராது. நாளையிலேருந்து ரெண்டு சுத்து கூட ஓடு."

எண்ணுவது தமிழிலா மலையாளத்திலா என்றும் ஒரு தகராறு வந்தது. இருவரும் அவரவர் பாஷையில் பத்துவரை உரக்க எண்ணிக் காட்டினார்கள். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. இரண்டு தரப்புக்கும் ஏமாற்றம்.

கடையடைப்பு நடந்த ஒரு காலையில், பஸ் இல்லை, காளை வண்டிகூட இல்லை. சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். நாங்கள் ஆட்டுக்கல்லோடு நிற்கையில் பாஸ்கரன் சாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் மலையாளப் பள்ளி வாத்தியார், எதிர்க்கூட்டத்தின் பெரிய பேச்சாளர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார்.

கம்பவுண்டர் வயிற்றின் வலது பக்கம் அழுத்திப் பார்த்தார். 'இரு, எந்திரி' என்பார் என்று காத்திருந்தோம். அவர் சொல்லவில்லை. அப்போதுதான் எங்களுக்குப் பயம் வந்தது.

"குடல்வாலாக்கும். நம்ம கையில நிக்காது. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில அறுக்கணும். இப்பமே போவணும்."

ஆறு மைல். கயிற்றுக் கட்டிலில் இரண்டு மூங்கிலைக் கட்டினார்கள். தோள் கொடுக்க நான், கோபாலன், உபதேசியார். நாலாவது ஆள் செல்லையன். அவன் நகரவில்லை.

"இவரையா? எங்கள மூட்டை கெட்டி மதுரைக்கு அனுப்பணும்ணு மேடையில சொன்னவரில்லியா?"

"அவரு ஒன்ன மதுரைக்கு அனுப்பட்டு. நீ இப்ப அவர நெய்யாற்றின்கரைக்கு அனுப்பு. பிடிலே மக்கா."

முதல் மைலில் எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டாவதில் தோள் எரிந்தது. உதியன்குளங்கரையில் என் கால்கள் எனக்குச் சொந்தமில்லை. கம்பவுண்டர் பக்கத்தில் நடந்தபடி தந்திக் கம்பங்களைக் காட்டினார். "அந்தக் கம்பம் வரைக்கும். அவ்வளவுதான்." கம்பம் வந்ததும் அடுத்த கம்பம். எத்தனை தடவை ஏமாற்றினாலும் நாங்கள் ஏமாந்தோம்.

ஓரிடத்தில் வெட்டிப் போட்ட மரத்துக்குப் பின்னால் பத்துப்பேர் தடியோடு நின்றார்கள். எல்லாரும் செல்லையன் கூட்டத்து ஆட்கள்.

"வண்டி ஒண்ணும் போவப்பிடாது!"

"இது வண்டியில்லலே, கட்டிலாக்கும்," என்றான் செல்லையன்.

கட்டிலில் யார் என்று பார்த்தார்கள். பிறகு தடியைக் கீழே வைத்துவிட்டுக் கிளையை இழுத்து வழி விட்டார்கள். பாஸ்கரன் சார் தலையைத் தூக்கி, "ஞங்ஙள் ஒரிக்கலும்..." என்று, 'நாங்கள் ஒருபோதும்' எனத் தொடங்கும் தன் மேடைப் பேச்சை ஆரம்பித்தார். வலி வந்து நிறுத்தியது. அவர் ஒரு பேச்சைப் பாதியில் விட்டது அன்று ஒருமுறைதான்.

அமரவிளைப் பாலத்தருகே உபதேசியார் முழங்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டார். கட்டில் சாய்ந்தது. ஒரே எட்டில் கம்பவுண்டர் அந்த மூங்கிலுக்குத் தோள் கொடுத்தார்.

பத்தடியில் விஷயம் விளங்கியது. அந்த மனிதருக்கு உடம்பில் வலுவே இல்லை. மூச்சு விசில் மாதிரி வந்தது. சட்டை நனைந்தது. முகம் சாம்பலாகிவிட்டது. கம்பங்கள் ஒவ்வொன்றாகக் கடந்துபோயின. அவரால் ஒன்றையும் காட்ட முடியவில்லை. செல்லையன் 'இன்னொண்ணு' என்று சொல்ல வாயைத் திறந்தான். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். கோபாலன் மட்டும், "சாரே, மாறணோ?" என்று கேட்டார். கம்பவுண்டர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். ஆஸ்பத்திரிப் படிவரை கட்டிலை விடவில்லை.

உடனே அறுத்தார்கள். தாமதித்திருந்தால் பிழைத்திருக்கமாட்டார் என்றார் டாக்டர். ஒரு மாதம் கழித்துப் பாஸ்கரன் சார் மேடையேறி எங்களுக்கு எதிராக இரண்டு மணி நேரம் பேசினார். நல்ல கணீரென்ற குரல். பிற்பாடு எல்லை பிரித்தபோது நாங்கள் கேரளத்திலேயே நின்றுவிட்டோம். செல்லையன் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

நான் சொல்ல வந்தது கட்டில் சுமந்த அன்று மத்தியானத்தைப் பற்றி. ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரும் விழுந்துகிடந்தோம். நான் கேட்டேன்.

"சாரே, நீங்க ஏன் ஒருநாளும் எங்ககூட பஸ்கி எடுக்கல்ல?"

மல்லாந்து கிடந்தபடியே சொன்னார்.

"பாதியில நிண்ணிருவேனோண்ணு பயமாக்கும். நான் நிண்ணா நீங்களும் நிண்ணிருவியளே."

பிறகு நான் தூங்கிப்போனேன். விழிப்பு வந்தபோது காலில் கற்பூரத் தைலத்தின் வாசம். இமையிடுக்கில் பார்த்தேன். அவர் உட்கார்ந்து என் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணை முழுசாகத் திறக்கவில்லை. திறந்தால் வெட்கப்பட்டு எழுந்து போய்விடுவாரே.