அரைச் சுற்று

தபால் நிலையத்து மேட்டில் பாதி ஏறுவதற்குள் எல்லிஸின் முழங்கால்கள் காதருகே வந்துவிட்டன.

மின்சார சைக்கிளின் மோட்டார் முனகாமல் இழுத்தது. பேட்டரி முழுசாக இருந்தது. இருக்கைதான் கீழே போய்க்கொண்டிருந்தது. லிஃப்டில் இறங்குகிறவனைப் போல நேரே பார்த்தபடி எல்லிஸும் அதோடு இறங்கிக்கொண்டிருந்தான்.

மலைச் சைக்கிளில் இருக்கையைத் தாங்கும் தண்டுக்கு ட்ராப்பர் என்று பெயர். ஹேண்டில்பாரில் இருக்கும் விசையைக் கட்டைவிரலால் அழுத்தி உட்கார்ந்தால் இறங்கும். எழுந்து அழுத்தினால் ஏறும். ஆபீஸ் நாற்காலி மாதிரிதான். விசையைத் தொடாமலே இறங்கினால், உள்ளே ஏதோ ஒழுகுகிறது என்று எல்லிஸ் எங்கோ படித்திருந்தான்.

"என்னடா, சின்னப் புள்ள சைக்கிள எடுத்துட்டு வந்துட்டியா?" என்றார் பக்கத்து வீட்டு வென்டல். உருக்காலையில் முப்பது வருடம் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை மலையேறும் கூட்டத்தில் அவர்தான் மூத்தவர்.

"ட்ராப்பர் ஒழுகுது."

"மாரிட்டுக்கு ஒரு போன் போடு."

"நானே பாத்துக்குவேன்."

ராஸ்லாந்து என்ற அந்த மலையூரில் எல்லிஸ் நம்பும் சைக்கிள் கடை ஒன்றுதான். மாரிட்டுடையது. போன வாரம் அவள்தான் அவன் சைக்கிளை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்தாள். கொடுக்கும்போது, "சனிக்கிழமை பத்து மணிக்கு எல்லாரும் மேல போறோம். வர்றியா?" என்று கேட்டாள்.

மனைவி இறந்த இந்த இரண்டு வருடத்தில் யார் எதற்குக் கூப்பிட்டாலும் எல்லிஸ் "பாக்கலாம்" என்றுதான் சொல்லிவந்தான். அன்று வாய் தவறி "வர்றேன்" என்றுவிட்டான். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, போகத்தான் வேண்டும் போலிருந்தது. அப்படி இருந்ததுதான் அவனுக்கு ஆச்சரியம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஏதாவதுன்னா ஒரு போன் பண்ணு" என்று மாரிட் சொன்னதற்கு, "சின்னச் சின்ன வேலையெல்லாம் நானே பாத்துப்பேன்" என்று வேறு சொல்லிவைத்தான். அவள் சற்று நேரம் அவனைப் பார்த்தாள். பிறகு இருக்கைக்கு அடியில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, பேனாவால் தன் நம்பரை எழுதினாள்.

கடை ஸ்டிக்கர் தீர்ந்துவிட்டது போல என்று எல்லிஸ் நினைத்துக்கொண்டான்.

புதன்கிழமை காற்றடித்தான். இருக்கையைக் கழற்றினால் தண்டின் உச்சியில் வால்வு இருந்தது. கொஞ்சம் அடித்தான். போதாது என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் அடித்தான். இருக்கையை மாட்டி, கையால் அமுக்கி இறக்கி, சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தபடி விசையை அழுத்தினான்.

மறுநாள் காலை வென்டல் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார்.

"தாடையில என்ன?"

"இருக்கை பட்டுருச்சு."

"உக்கார்ற எடம் அது இல்லையே. சரி, இப்ப நிக்குதா?"

"இல்ல. முன்னவிட வேகமா இறங்குது."

"மாரிட்டுக்கு—"

"வேண்டாம்."

வியாழக்கிழமை தோட்டக் குழாய்க்குப் போடும் இரும்புப் பட்டையைத் தண்டில் சுற்றி முறுக்கினான். இருக்கை அசையவில்லை. மேட்டில் ராஜா மாதிரி ஏறினான். இறக்கத்தில்தான் நினைவு வந்தது, இறங்கவேண்டிய நேரத்திலும் அது இறங்காது என்று. அடுத்த முக்கால் கிலோமீட்டரை அவன் எப்படிக் கடந்தான் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டான்.

பட்டையைக் கழற்றியபோது தண்டின் வழவழப்பில் நகத்தால் கீறினாற்போல ஒரு கோடு விழுந்திருந்தது. ஏறி உட்கார்ந்தான். இறங்கிற்று. கூடவே, முதல் முறையாக, தண்டின் கழுத்தில் ஒரு சொட்டு எண்ணெய் எட்டிப் பார்த்தது.

"நான் சொல்லல? ஒழுகுது பாருங்க" என்று வென்டலிடம் காட்டினான். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வென்டல் அந்தச் சொட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, தலையை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், தாடிக்காரர் ஒருவர் விளக்கும் வீடியோவைப் பார்த்துக்கொண்டே தண்டைக் கழற்றித் திறந்தான். "இந்த மூடியை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள்" என்று தாடிக்காரர் சொன்னபோது மூடி எல்லிஸின் கையில் இருந்தது. எண்ணெய் பீய்ச்சி அடித்தது. சுவரில் கொஞ்சம், சட்டையில் கொஞ்சம், மீதி அத்தனையும் பின்சக்கரத்து பிரேக்கில்.

அது அவனுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் மூடி மாட்டி, வாசல் சரிவில் ஓட்டிப் பார்த்தான். பிரேக் பிடித்தான். சைக்கிள் கண்டுகொள்ளவில்லை. இருபத்துநான்கு கிலோ வண்டி, வென்டலின் ருபார்ப் செடிப் பாத்திக்குள் போய்த்தான் நின்றது.

"வா, வா" என்றார் வென்டல். "பிரேக் கட்டையில எண்ணெய் எறங்கியிருக்கு. கழட்டி ஓவன்ல அரை மணி நேரம் வை, எரிஞ்சு போயிடும். இங்க எல்லாரும் பண்றதுதான். இல்லன்னா—"

"அவளுக்குப் போன் பண்ண மாட்டேன்."

"நான் இன்னும் வாயே தொறக்கலையே."

சனிக்கிழமை மலையேறி முடித்ததும் ஆளுக்கொரு பலகாரம் கொண்டுவர வேண்டும். எல்லிஸ் பட்டர் டார்ட் என்னும் இனிப்பைச் சுட்டுக் கொண்டுவருவதாகப் பெயர் கொடுத்திருந்தான். இருந்தது ஒரே ஓவன். மேல்தட்டில் டார்ட்டை வைத்தான். கீழ்த்தட்டில் பிரேக் கட்டைகளை வைத்தான். நேரம் மிச்சம் என்று நினைத்தான்.

மேலே வெண்ணெயும் சர்க்கரைப்பாகும் பொங்கி, விளிம்பைத் தாண்டி, நிதானமாகக் கீழே சொட்டத் தொடங்கின.

புகை அலாரம் அலறியதும் வென்டல் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அடித்து முடித்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, தப்பித்த டார்ட் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் பிரேக் வாசன அடிக்குது."

சனிக்கிழமை காலை. எல்லிஸ் வீட்டிலேயே இருந்துவிட நல்ல காரணங்கள் பல இருந்தன. இருக்கை அடிமட்டத்தில் கிடந்தது, ஏறவே இல்லை. பாகு இறுகிய பிரேக் கட்டைகள், சக்கரம் சுற்றும்போதெல்லாம் பன்றிக்குட்டி போலக் கத்தின. சைக்கிளைச் சாய்த்து, இருக்கைக்கு அடியில் டேப்பில் இருந்த நம்பரைப் பார்த்து, "வர முடியல" என்று செய்தி அடித்தான். விரல் அனுப்பும் இடத்தில் நின்றது.

இரண்டு வருடமாக இதையே அனுப்பிக்கொண்டிருக்கிறோமே என்று தோன்றியது.

அழித்தான். டார்ட் டப்பாவை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

கூட்டம் அவனைப் பார்ப்பதற்கு முன்பே அவன் பிரேக்கின் கத்தலைக் கேட்டுவிட்டது. வென்டல் முன்பே வந்திருந்தார். மாரிட் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, முழங்கால் இரண்டும் காதைத் தொட, கிரீச்சிட்டபடி மேட்டில் ஏறி வரும் மனிதனைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அதற்கு அவள் பட்ட பாடு தெரிந்தது.

"என்ன பண்ணின?"

எல்லிஸ் ஒன்று விடாமல் சொன்னான். காற்று, பட்டை, தாடிக்காரர், ஓவன்.

"ஓவன்லயா?"

"டார்ட்டோட சேத்து."

அவள் மண்டியிட்டு, தண்டையே பார்க்காமல், விசைக்குப் பக்கத்தில் கேபிள் நுழையும் இடத்திலிருந்த சின்னத் திருகைத் தொட்டாள். காதுமடல்கள் சிவந்திருந்தன.

"கேபிள் கொஞ்சம் இறுக்கமா இருந்திருக்கு. விசைய யாரோ பாதி அழுத்திப் பிடிச்ச மாதிரி ஆயிடும். அதான் எறங்கியிருக்கு. அரைச் சுத்து தளர்த்தியிருந்தா போதும்."

"அப்ப ஒழுகவே இல்லையா?"

"அப்ப ஒழுகல. இப்ப நல்லா ஒழுகுது."

தண்டின் கழுத்தில் வழிந்த எண்ணெயை எல்லிஸ் சட்டை நுனியால் துடைத்தான்.

"உள்பாகம் புதுசா வர மூணு வாரம் ஆகும்" என்றாள் மாரிட். "அதுவரைக்கும் என்னோட இன்னொரு சைக்கிள எடுத்துக்கோ. சாயங்காலத்துல நானும் சும்மாதான் ஓட்டிட்டிருப்பேன். தனியாத்தான்."

"சரி" என்றான் எல்லிஸ். பிறகு, அது போதாது என்று பட்டதால், "வர்றேன்" என்றான்.

அவள் டப்பாவைத் திறந்து ஒரு டார்ட்டை எடுத்தாள். முகம் கோணாமல் மென்றாள். அவன் இரண்டு வருடத்தில் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தான். பிறகு சட்டென்று நெற்றியைச் சுருக்கினான்.

"ஆனா போன வாரம் நீதானே எல்லாத்தையும் சரி பாத்துக் குடுத்த. அந்தக் கேபிள் எப்படித் தானா இறுகும்?"

மாரிட்டுக்கு அப்போது பார்த்து ஹெல்மெட் வார் சிக்கிக்கொண்டது. மூன்றாவது டார்ட்டை மென்றுகொண்டிருந்த வென்டல்தான் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"மாரிட், அரைச் சுத்து இறுக்கி விட்டா மறுநாளே போன் பண்ணிடுவான்னு நீ சொன்னப்பவே நான் சொன்னேன், இவன் வீட்டக் கொளுத்துவானே தவிர போன் மட்டும் பண்ண மாட்டான்னு."